பத்துப் பேரைக் கூட்டிச் சிரிக்க வைக்க ‘சூப்பர்நேச்சுரல்’ எபிசோடு எது?

மீன்பிடித் தடைக்காலம் என்றால் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் நிற்கும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று கரையோரம் நெடுக மொட்டை மாடியில் பாய் விரித்து ஆளாளுக்கு எதையாவது போட்டுப் பார்க்கும் காலம் அது. அந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற அமெரிக்கப் பேய்த்தொடர்ப் பைத்தியமாக இருப்பார்கள். மற்றவர்கள் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். “பேய்க்கதை வேண்டாம் என்பவர்களுக்கு முதலில் ஒரு சிரிப்பு எபிசோடைப் போட்டுக் காட்டினால் போதும், தானாக உள்ளே வந்துவிடுவார்கள்” என்பது ரசிகர்களின் கணக்கு. எதைப் போடுவது என்பதில்தான் சண்டை.

தொடர் 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்தது. 15 சீசன், 327 எபிசோடு. அண்ணன் டீன், தம்பி சாம் இருவரும் 1967 மாடல் செவர்லே இம்பாலாவில் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பேய் பிசாசுகளைத் தீர்த்துக்கட்டுவதுதான் கதை. பயமுறுத்தவே எடுத்த தொடர் என்றாலும், சீசனுக்கு ஒன்றிரண்டு எபிசோடு முழுக்கக் கூத்தடிக்கும். ரசிகர்களிடம் ஓட்டெடுத்தால் ஜெயிக்கும் எபிசோடு வேறு, புதியவர்களைச் சிரிக்க வைக்கும் எபிசோடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் இருபதாவது நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, சிரிப்பு எதன்மேல் நிற்கிறது என்பது. விழுவது, வழுக்குவது, அலறுவது போன்ற உடல் சேட்டைக்கு முன்கதை தேவையில்லை. ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப நடப்பதற்கும் அதிகம் தேவையில்லை. இன்னொரு டிவி நிகழ்ச்சியைக் கிண்டல் செய்தால் அந்த நிகழ்ச்சி தெரிந்திருக்க வேண்டும். தொடர் தன்னையே கிண்டல் செய்துகொண்டால் தொடரே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நம் ஆட்களுக்கு வகுப்பே எடுக்க வேண்டாம். இந்தத் தொடரில் பேயைத் தடுக்க வாசலில் உப்புக்கோடு போடுவார்கள், இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு வளர்ந்தவர்களுக்கு, இரவில் கறி எடுத்துப் போகும்போது பைக்குள் கரித்துண்டும் ஆணியும் போட்டு அனுப்பும் வீட்டுக்காரர்களுக்கு, இதில் என்ன விளக்கம் வேண்டும்? வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் போட்டால் “இங்க ஒரு பேயும் குடியிருக்க முடியாதுடா” என்று யாராவது சொல்வார்கள். அதுவே முதல் சிரிப்பு.

இரண்டாவது, சப்டைட்டில் சுமை. வசனம் வேகமாகப் பறந்தால் படிப்பவருக்குச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வரும், படிக்காதவருக்கு வரவே வராது. மூன்றாவது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது: சின்னப் பிள்ளைகளா, அத்தை மாமாவா, பங்குக் கோயில் பாடற்குழுவில் இருப்பவர்களா, ஓதுகிற பெரியவரா. நான்காவது வெளிச்சம். ஆரம்ப சீசன்கள் மங்கலான நிறத்தில், பெரும்பாலும் இரவில் எடுத்தவை. நிலா வெளிச்சத்தில் சுவரில் போட்டால் கறுப்பு மட்டும்தான் தெரியும். கடைசியாக, முடிந்தபிறகு பேச என்ன மிஞ்சும் என்பது. கூடிப் பார்ப்பதே அதற்குத்தானே.

| எபிசோடு | சீசன் / ஆண்டு | முன்கதை | சப்டைட்டில் சுமை | பிள்ளைகளோடு |
|---|---|---|---|---|
| பேட் டே அட் பிளாக் ராக் | 3 / 2007 | ஒரு வரி | குறைவு | கொஞ்சம் கவனம் |
| மிஸ்டரி ஸ்பாட் | 3 / 2008 | இரண்டு வரி | முதலில் அதிகம், பிறகு இல்லை | பெரிய பிள்ளைகள் மட்டும் |
| யெல்லோ ஃபீவர் | 4 / 2008 | ஒரு வரி | நடுத்தரம் | கவனம் |
| சேஞ்சிங் சேனல்ஸ் | 5 / 2009 | நிறைய | நடுத்தரம் | வேண்டாம் |
| தி பிரெஞ்ச் மிஸ்டேக் | 6 / 2011 | ஐந்தரை சீசன் | அதிகம் | அர்த்தமே ஆகாது |
| ஸ்கூபிநேச்சுரல் | 13 / 2018 | கிட்டத்தட்ட இல்லை | நடுத்தரம் | பரவாயில்லை |

## பேட் டே அட் பிளாக் ராக்

மூன்றாவது சீசனின் மூன்றாவது எபிசோடு. மந்திரித்த முயல்கால் ஒன்று. தொட்டவனுக்குத் தொட்டதெல்லாம் துலங்கும். கைவிட்டுப் போனால் துரதிர்ஷ்டம் துரத்தி ஒரு வாரத்துக்குள் ஆளை முடித்துவிடும். இவ்வளவுதான் விதி. ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், இருபது பேருக்கும் புரிந்துவிடும்.

சாம் அதைத் தொடுகிறான். சுரண்டல் லாட்டரி அடிக்கிறது. உணவகத்துக்குள் நுழைந்தால் பத்து லட்சமாவது வாடிக்கையாளர் என்று பலூன் விட்டு ஒரு வருடம் இலவசச் சாப்பாடு தருகிறார்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே நின்றுபோனது. நாணயத்தால் டிக்கெட் சுரண்டிய ஞாபகம் உள்ள மாமாமார்கள் இந்த இடத்தில் தனியாகச் சிரிப்பார்கள். பிறகு முயல்கால் களவு போகிறது. அங்கிருந்து சாமுக்கு ஏழரைச் சனி முழுவதும் நாற்பது நிமிடத்துக்குள். வழுக்கி விழுகிறான், சட்டைக் கையில் தீப்பிடிக்கிறது. ஷூ அடியில் ஒட்டிய சூயிங்கத்தைச் சாக்கடைக் கம்பியில் தேய்க்கப் போய் ஷூவே உள்ளே விழுந்துவிடுகிறது. ஆறடி நாலங்குல ஆள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டு அண்ணனிடம் “ஷூ தொலைஞ்சிருச்சு” என்று சொல்லும் இடத்துக்கு சப்டைட்டில் எதற்கு?

மறைவான செலவு இரண்டு. ஆரம்பத்தில் சிறைக்குள் கோர்டன் என்ற ஒருவன் சாமைக் கொல்லச் சொல்லிப் பேசும் காட்சி வரும். புதியவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. “சாமுக்குள்ள ஏதோ பிசாசு ரத்தம் இருக்குன்னு நம்புற பழைய பகையாளி” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போதும். இன்னொன்று, திருடன் ஒருவனின் சாவு கொஞ்சம் கோரம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அந்த இடத்தைத் தாண்டிவிடலாம், கதை அறுந்துபோகாது.

இதன் பலவீனம் ஒன்றே ஒன்று: முடிந்ததும் பேச ஒன்றுமில்லை. சிரித்துவிட்டு எழுந்து போவார்கள். கலவையான கூட்டத்துக்கு, குறிப்பாக வாசிப்பு வேகம் குறைந்தவர்கள் இருந்தால், முதல் தேர்வு இதுதான் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

## மிஸ்டரி ஸ்பாட்

அதே சீசனின் பதினோராவது. ஒரே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப விடிகிறது. ரேடியோவில் அதே பாட்டு, அதே டீக்கடை மாதிரியான சாப்பாட்டுக்கடை, அதே மேசை. ஒவ்வொரு நாளும் டீன் ஒவ்வொரு விதத்தில் சாகிறான். சாம் மறுபடி அதே காலையில் விழிக்கிறான். இப்படி நூற்றுக்கும் மேல். ‘செவ்வாய் வெறுவாய்’ என்று பாட்டி சொன்னதற்கு இதைவிட உதாரணம் கிடையாது, தொடங்கும் முன் இதைச் சொல்லிவிட்டாலே பாதிக் கூட்டம் தயாராகிவிடும்.

கூட்டமாகப் பார்க்க இதன் பெரிய லாபம் பலருக்குத் தோன்றாத ஒன்று. முதல் செவ்வாயில் வசனம் வேகமாகப் போகும், சிலர் தவற விடுவார்கள். இரண்டாவது செவ்வாயில் அதே வசனம் வருகிறது. மூன்றாவதில் பரிமாறும் பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று ஆங்கிலமே படிக்காதவருக்கும் தெரியும். நாலாவதில் சாமோடு சேர்ந்து அவர்களும் முந்திக்கொண்டு சொல்வார்கள். சப்டைட்டில் தானாகத் தேவையற்றுப் போகிற எபிசோடு இது ஒன்றுதான். அதனால் முதல் செவ்வாய் முடியும்வரை யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அங்கே விட்டால் பிறகு வரும் எல்லாச் சிரிப்பும் போச்சு.

முன்கதை இரண்டு வரி. ஒன்று: அண்ணன் தம்பியின் உயிருக்காகத் தன் உயிரை அடகு வைத்திருக்கிறான், ஒரு வருடம்தான் கெடு. இரண்டு: திமிர் பிடித்தவர்களுக்கு விளையாட்டுக் காட்டியே பாடம் புகட்டும் குறும்புக்காரத் தெய்வம் ஒன்று இந்தத் தொடரில் உண்டு, இரண்டாவது சீசனில் ஒருமுறை வந்து போயிற்று. இரண்டாவது வரியைச் சொன்னால் மர்மம் பாதி உடைந்துவிடும் என்று ரசிகர்கள் மறுப்பார்கள். உடையட்டும். சொல்லாவிட்டால் விடை வரும்போது “இவன் யாரு?” என்று பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்.

செலவு என்னவென்றால், கடைசி மூன்றில் ஒரு பங்கு. புதன்கிழமை விடிகிறது. அன்றைக்கு டீன் சாகும்போது நாள் திரும்பவில்லை. அதன்பிறகு சாம் மாதக்கணக்கில் தனியாக, பேச்சு செத்தவனாக அலைவதைக் காட்டுகிறார்கள். அதுவரை விழுந்து விழுந்து சிரித்த கூட்டம் ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாகும். எழுத்தாக இது தொடரின் உச்சங்களில் ஒன்று. ஆனால் நம் கரையில், படகோடு போய்த் திரும்பாதவர் உள்ள வீடு எந்தத் தெருவில் இல்லை? அண்ணனையோ தம்பியையோ கடலில் விட்டவர் பாயில் உட்கார்ந்திருந்தால் இதைப் போடாதீர்கள். செவ்வாயோடு நிறுத்திவிடலாம் என்ற குறுக்குவழியும் வேண்டாம். கதையின் முதுகெலும்பை உருவியதாகிவிடும்.

தொடரை மேற்கொண்டு பார்க்கக்கூடியவர் என்று உங்களுக்குத் தோன்றும் நாலைந்து பேருக்கு இதைவிடச் சரியான எபிசோடு இல்லை. முடிந்ததும் பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். அந்தக் குறும்புத் தெய்வம் தம்பிக்குப் பாடம் கற்பித்ததா, வதைத்ததா? அந்த மாதங்கள் நிஜமா, கண்கட்டா?

## யெல்லோ ஃபீவர்

டீனுக்குப் பேய்நோய் தொற்றுகிறது. 48 மணி நேரத்தில் பயத்திலேயே இதயம் நின்றுவிடும். எதற்கும் அஞ்சாதவன் ரிப்பன் கட்டிய குட்டி நாயைப் பார்த்துத் தெருவில் ஓடுகிறான். அலமாரிக்குள்ளிருந்து பூனை குதித்ததும் அவன் போடும் நீண்ட அலறல் இணையத்தில் இன்றும் சுற்றுகிறது. “காத்துக்கருப்பு அடிச்சவன்” என்ற ஒரு சொல்லில் கதை முழுதும் நம்மவர்களுக்கு விளங்கிவிடும், மந்திரிக்கப் போகாமல் ஏன் அலைகிறான் என்றுகூடக் கேட்பார்கள்.

நோய்க்குக் காரணமான பேயின் கதைதான் இடிக்கிறது. செய்யாத குற்றத்துக்காகச் சங்கிலியில் கட்டி ரோட்டில் இழுத்துக் கொல்லப்பட்ட அப்பாவி அவன். பேயை ஒழிக்கும் வழியும் அதே இழுவைதான். டீன் அலறலுக்குச் சிரித்த வாயால் அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எபிசோடு இந்த இரண்டையும் ஒட்டவைப்பதில் தடுமாறுகிறது என்பதே எங்கள் கட்சி. தவிர, மனநோய், பேய்பிடித்தல் என்று நேர்ச்சைக்கு வருபவர்கள் தங்கும் ஏர்வாடிப் பக்கம் பயந்து நடுங்குபவனைக் கேலியாகக் காட்டும் கதையைத் திறந்தவெளியில் ஓடவிடுவது நாகரிகமில்லை. வீட்டுக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒளிபரப்பில் கதை முடிந்தபிறகு டீனாக நடித்த ஜென்சன் ஆக்கிள்ஸ் கார்மேல் உட்கார்ந்து பாட்டுக்கு வாயசைக்கும் துண்டு ஒன்று சேர்த்திருந்தார்கள். உங்கள் பிரதியில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவையுங்கள். இருந்தால், பெயர்கள் ஓடும்போது அணைத்துவிடாதீர்கள்.

## சேஞ்சிங் சேனல்ஸ்

ரசிகர் ஓட்டில் எப்போதும் முன்வரிசை. சகோதரர்கள் இருவரும் டிவிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவமனைத் தொடர், பின்னணியில் சிரிப்பொலி ஓடும் நகைச்சுவைத் தொடர், ஜப்பானிய விளையாட்டுப் போட்டி, கறுப்புக் கண்ணாடி போலீஸ் தொடர் என்று சேனல் மாறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் சாமே பேசும் காராகிவிடுகிறான்.

மருத்துவமனைத் தொடர் நம் வீட்டில் எடுபடும். காதலும் கண்ணீரும் கன்னத்தில் அறையும் சாயங்கால சீரியல்களில் பழகியதுதானே. ஜப்பானியப் போட்டியில் கேள்வி கதாபாத்திரங்களுக்கே புரிவதில்லை, ஆக மொழி தடையில்லை. போலீஸ் பகுதியும் சிரிப்பொலிப் பகுதியும் அமெரிக்கச் சேனல் பார்க்காதவர்களிடம் சப்பென்று விழும்.

பெரியவர்கள் இருந்தால் இரண்டு சங்கடம். பால்வினை நோய் மருந்து விளம்பரம் ஒன்றில் சாம் நடிக்க நேர்கிறது. சின்னத் துண்டுதான், ஆனால் அத்தை பக்கத்தில் இருக்கும்போது அது நீளமாகத் தெரியும். விளையாட்டுப் போட்டியில் தவறான பதிலுக்கு ஆண்களுக்கு அடிபடும் இடமும் நீங்கள் நினைப்பதுதான். அடுத்தது இன்னும் முக்கியம்: முடிவில் குறும்புத் தெய்வம் உண்மையில் கபிரியேல் தூதர் என்று அவிழ்கிறது. பாம்பன், தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க வீடுகளிலும், ஜிப்ரீலாக அவரை அறிந்த கீழக்கரை வீடுகளிலும் இதை எல்லோரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். தொடரில் நாலாவது சீசனிலிருந்து வானதூதர்கள் கதையின் நடுவில் வந்துவிடுகிறார்கள். கூட்டத்துக்கு மூன்றாம் சீசனையே நாங்கள் சிபாரிசு செய்வதற்கு இதுவும் காரணம்.

## தி பிரெஞ்ச் மிஸ்டேக்

சாமும் டீனும் வேறொரு உலகத்தில் விழுகிறார்கள். அங்கே அவர்கள் ஜாரெட் பதலெக்கி, ஜென்சன் ஆக்கிள்ஸ் என்ற நடிகர்கள். ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற தொடரில் நடிக்கிறார்கள், நடிக்கவும் தெரியவில்லை. ரசிகனுக்கு இது பிரியாணி. புதியவருக்கு, மாப்பிள்ளை யாரென்று தெரியாத கல்யாண வீட்டில் நலுங்குக் கேலி பார்ப்பது மாதிரி. ஐந்தரை சீசன் தாண்டியவர்கள் மட்டும் கூடினால் போடுங்கள்.

## ஸ்கூபிநேச்சுரல்

2018 மார்ச்சில் வந்தது. டிவி வழியாக ஸ்கூபி டூ கார்ட்டூனுக்குள் போகிறார்கள். 1970-ல் வந்த பழைய ஸ்கூபி எபிசோடு ஒன்றின் கதைக்குள்ளேயே நடக்கிறது. கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். பெரும்பகுதி தட்டையான பளிச் நிறம் என்பதால் மங்கலான புரொஜெக்டரிலும், தெருவிளக்கு அடிக்கும் சுவரிலும் தெளிவாகத் தெரியும் ஒரே எபிசோடு. கார்ட்டூனுக்குள்ளேயே நிஜமாக ஆள் சாவதும் ரத்தம் தெரிவதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு ஆகாது, மற்றவர்களுக்கு அதுதான் வேடிக்கை.

நஷ்டம் மறுநாள் தெரியும். இதைப் பார்த்து மயங்கி முதல் எபிசோடைப் போட்ட பையன், கூரையில் ஒட்டிக்கொண்டு எரியும் அம்மாவைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் விளக்கை அணைக்க விடமாட்டான்.

## காற்று, உப்பு, ஒலி

எதைத் தேர்ந்தாலும் திறந்தவெளி அதைக் கெடுக்கப் பார்க்கும். கச்சான் காற்று காலத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டினால் பாய்மரம்தான், சப்டைட்டில் எழுத்து அலையில் ஆடும். வெள்ளையடித்த சுவரே நல்லது. சுவர் இல்லையென்றால், பின்பக்கம் வெள்ளையாக உள்ள பழைய ஃபிளெக்ஸை மேலும் கீழும் மூங்கில் கோத்து நாலு மூலையும் இழுத்துக் கட்டுங்கள். கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடியாவது உயரத்தில் இருக்க வேண்டும்; சப்டைட்டில் அடியில் வருவதால் முன்வரிசைத் தலைகள்தான் முதல் எதிரி.

ஆறடி அகலப் படத்துக்கு மூன்றாம் சீசன் இருட்டு தெரிய 500 ஆன்சி லூமனாவது (தரமுறைப்படி அளந்த வெளிச்ச அளவு) வேண்டும். மலிவு புரொஜெக்டர் பெட்டியில் அச்சடித்த லூமன் வேறு, ஆன்சி லூமன் வேறு. அவ்வளவு இல்லையென்றால் படத்தை மூன்றடிக்குச் சுருக்குங்கள், அல்லது 43 அங்குல டிவியையே மாடிக்கு ஏற்றுங்கள், பத்துப் பேருக்குத் தாராளம். ஆறரைக்குச் சூரியன் இறங்கினாலும் ஏழேகால் வரை வானம் வெளுத்தே இருக்கும். லென்ஸில் படியும் உப்புப் பிசுக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஊதிவிட்டு, லேசாக ஈரப்படுத்திய மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

அலைச் சத்தத்தோடு போட்டி போட்டு ஒரு பெரிய பாக்ஸை அலறவிடுவதைவிட, இரண்டு சின்ன ஸ்பீக்கரை உட்கார்ந்திருப்பவர்களின் இரு பக்கமும் வையுங்கள். இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். விடியுமுன் நாட்டுப்படகில் போக வேண்டிய பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து மணியே அதிகம்.

சேமித்த கோப்பில் சப்டைட்டில் பிசகினால், முதலில் பிசகின் வகையைப் பாருங்கள். தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால், ஆரம்பத்தில் வரும் முன்கதைச் சுருக்கம் ஒரு பிரதியில் இருந்து மற்றதில் இல்லாததே பெரும்பாலும் காரணம். விஎல்சி பிளேயரில் ‘ஜி’, ‘எச்’ விசைகள் ஒவ்வொரு தட்டலுக்கும் 50 மில்லிசெகண்ட் நகர்த்தும். போகப் போகப் பிசகு கூடினால் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை, வேறு. எத்தனை தட்டினாலும் ஒட்டாது, வேறு சப்டைட்டில் கோப்புதான் தேட வேண்டும். இதையெல்லாம் பகலிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். ஷூ சாக்கடையில் விழுந்து மூன்று நொடி கழித்துத்தான் எழுத்து வருகிறதென்றால், அதற்குள் எவனாவது ஒருவன் வாயால் சொல்லிக் கெடுத்திருப்பான்.